பொருக்கு விட்ட சுவர்: முழுதாகச் சுரண்டுவதா, இடம் பார்த்துச் சுரண்டுவதா?

பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உரியும் சுவரைப் பார்த்ததும் பெயிண்டர் இரண்டில் ஒன்றைச் சொல்வார். "உரிஞ்ச இடத்தை மட்டும் சுரண்டிட்டுப் பட்டி பார்த்துடலாம் சார்", இல்லையென்றால் "எல்லாத்தையும் எடுத்தாத்தான் நிக்கும்". பட்டி என்றால் சுவரின் பள்ளத்தை நிரப்பிச் சமன் செய்யும் கலவை. முதலாவது சீக்கிரம் முடியும், கூலி குறைவு. இரண்டாவதில் கூலியும் கூடும், சோற்றுப் பானை வரைக்கும் தூசி வரும். எது உங்கள் சுவருக்கு என்பது பழைய பெயிண்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

அதைப் பார்ப்பது சுலபம். உரியாமல் நன்றாக இருக்கும் இடத்தில் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாக நாலு கீறு போட்டு, பேக்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். நாலைந்து இடத்தில் செய்து பார்த்தும் பெயிண்ட் அசையவில்லை என்றால் இடம் பார்த்துச் சுரண்டினால் போதும். டேப்போடு வந்துவிட்டால், வந்த இடத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள், மாவு மாதிரி ஒட்டினால் அடியில் சுண்ணாம்போ பழைய டிஸ்டெம்பரோ இருக்கிறது. அதன் மேல் அடித்த எமல்ஷன் பெயிண்ட் சுவரைப் பிடிப்பதில்லை, மாவைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறது. எங்கள் ஹாலில் இது தெரியாமல் ஒட்டுப்போட்டோம், ஐப்பசி மழை முடிவதற்குள் பட்டி வைத்த இடமெல்லாம் கல்லாட்டம் இருக்க, அதைச் சுற்றி வட்டம் வட்டமாக உரிந்தது. முழுதாகச் சுரண்டுவதைத் தவிர அதற்கு வேறு வழி கிடையாது.

பட்டியும் இதையொட்டித்தான் மாறும். ஒயிட் சிமென்ட் பட்டி பெயிண்ட் இல்லாத வெறும் சிமென்ட் பூச்சைத்தான் நன்றாகப் பிடிக்கும், சுவரை நனைத்துவிட்டு வைக்க வேண்டும், கலந்ததை இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். ஆக, முழுதாகச் சுரண்டியவர்களுக்கு அதுதான். பழைய பெயிண்டை விட்டுவைத்தவர்கள் அதன் பளபளப்புப் போக எமரித் தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, விளிம்புகளை அக்ரிலிக் பட்டியால் சமன் செய்வது நல்லது. வைப்பதற்கும் தேய்ப்பதற்கும் சுகம், ஈரம் பட்டால் மட்டும் இளகிவிடும், அதனால் பாத்ரூமை ஒட்டிய சுவருக்கு அதை நான் வைக்க மாட்டேன்.

எமரி என்றதும் ஒன்று. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலை (ஆயில் பெயிண்டை) உலர்வாகத் தேய்க்காதீர்கள், தூசியில் ஈயம் இருக்கலாம், தண்ணீர் தெளித்து ஈரமாகவே சுரண்டுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடவே வேண்டாம்.

தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்கு மட்டும் உரிந்து, வெள்ளையாக உப்பும் பூத்திருந்தால் அது ஓதம், அதாவது சுவருக்குள் ஏறும் ஈரம். அங்கே இரண்டு வழியும் தோற்கும். பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள், சுவரைப் பார்த்த பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் பெயிண்டரை அனுப்பிவிட்டுக் கொத்தனாரைக் கூப்பிடுங்கள். தட்டும்போது டொப் டொப்பென்று கேட்கும் பூச்சைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசினால், பெயிண்டுக்கு முன் 28 நாள் பொறுக்க வேண்டும். பிவிசி பேனல் அடித்து மறைத்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். ஈரம் அதன் பின்னாலேயே இருக்கும், கொஞ்ச நாளில் பூஞ்சை வாடை வர ஆரம்பிக்கும்.