ஹேட் கிரீக் ரிம் வெயிலில் ஒரு வெள்ளிக் குடை

நெடுந்தூர நடைக்குக் குடை எதற்கு என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மரநிழலில் நடந்தவர்கள். அமெரிக்காவின் மேற்கில் தெற்கு வடக்காக நீளும் நெடுநடைப் பாதையான பசிபிக் கிரெஸ்ட் பாதையில் என்னிடமிருந்த பொருள்களிலேயே அதிகம் கிண்டலுக்கு ஆளானது இந்த வெள்ளிப் பூச்சுக் குடைதான். மடங்காத நேர்க்கம்பி, ஃபைபர்கிளாஸ் விலாக்கம்பிகள், ஸ்பாஞ்ச் கைப்பிடி. எடை இருநூறு கிராமுக்குக் கொஞ்சம் மேல். பல நாட்கள் அது வெறும் சுமை. கொடுத்த காசுக்கு அது வேலை செய்த இடம் என்றால் வடக்குக் கலிஃபோர்னியாவின் ஹேட் கிரீக் ரிம்.

தெற்கே லாசன் எரிமலை, வடக்கே ஷாஸ்தா. நடுவில், நிலம் பிளந்து ஒரு பக்கம் கீழிறங்கியதால் உண்டான நீண்ட மலை விளிம்புதான் இந்த ரிம். லாசன் 1915-இல் பெரிதாக வெடித்தது. ஆனால் கீழே பள்ளத்தாக்கில் உறைந்து கிடக்கும் லாவாவுக்கு வயது ஏறத்தாழ 24,000 ஆண்டுகள். இந்தப் பக்கத்துப் பாறையில் எங்கும் துளையும் வெடிப்பும்தான். மழையும் உருகும் பனியும் நிற்காமல் உள்ளே இறங்கிவிடும். அதனால் தெற்கு முனையிலுள்ள ஓல்ட் ஸ்டேஷன் என்ற சிற்றூரில் பாட்டில்களை நிரப்பிக்கொண்டு கிளம்பினால், ஏறக்குறைய 45 கிலோமீட்டருக்குப் பாதையோரத்தில் நம்பி நடக்கத் தண்ணீர் கிடையாது. ஆறு லிட்டர் சுமந்தேன். மரங்களும் குறைவு, 1987-இல் வந்த காட்டுத்தீக்குப் பிறகு பெரும்பகுதி புதரும் காய்ந்த புல்லும்தான்.

சரி, குடைக்கு வருவோம். கையில் பிடித்து நடப்பது நடக்காத காரியம், இரண்டு கையிலும் நடைக்கழி இருக்கும். முதுகுப்பையின் தோள்வாரில் இரண்டு எலாஸ்டிக் முடிச்சுகள் போட்டேன்: ஒன்று நெஞ்சுக்கு நேரே, இன்னொன்று கைப்பிடியின் அடியில். பாதை வடக்கு நோக்கிப் போவதால் காலையில் வெயில் வலப்பக்கம் அடிக்கும். அப்போது வலது வார். உச்சி தாண்டியதும் இடது வாருக்கு மாற்ற வேண்டும். இதைச் செய்யாமல் குடை சரியில்லை என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தலையும் தோளும் தப்பித்துவிடும், அதில் சந்தேகமே இல்லை. முகத்தில் நேர்வெயில் விழாததால் தொப்பியைக் கழற்றி வியர்வையைக் காயவிடலாம். ஆனால் கீழிருந்து வரும் சூட்டுக்குக் குடை என்ன செய்யும்? மதியம் கரும்பாறை தோசைக்கல்லாகக் கொதிக்கும்போது முழங்காலுக்குக் கீழே எந்த நிவாரணமும் இல்லை. காலுறை மாற்றிக்கொள்ள ஒரு புதரடியில் உட்கார்ந்தபோது, குடையைத் தரையில் சாய்த்து வைத்தேன். அந்த வட்ட நிழல்தான் அன்றைக்குக் கிடைத்த ஒரே ஓய்விடம். கிலுகிலுப்பைப் பாம்புகளுக்கும் நிழல் பிடிக்கும், உட்காருமுன் கழியால் தட்டிப் பார்ப்பது நல்லது.

பெரிய குறை காற்று. மாலையில் பள்ளத்தாக்கிலிருந்து சரிவேறி வரும் காற்று, விளிம்பை ஒட்டிப் பாதை போகும் இடத்தில் திடீரென்று குடையைத் திருப்பிவிடும். கம்பி உடையவில்லை, அது பெரிய விஷயம். ஆனால் ஒவ்வொரு முறையும் தோள்வாரோடு சேர்த்து உடம்பையே இழுக்கும். காற்று எழுந்தால் மூடிவிடுங்கள். மடங்காத கம்பி என்பதால் மூடிய குடை பையின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு, புதருக்குப் புதர் மாட்டும். என்னுடையதில் துணி இரண்டு இடத்தில் கிழிந்தது அப்படித்தான்.

அடுத்த நாள் பர்னி அருவியில் குடைக்கு வேலையே இல்லை. இதே மாதிரி எரிமலைப் பாறைக்குள் இறங்கிய நீர், அங்கே 39 மீட்டர் உயரப் பாறைச் சுவரின் நடுவிலிருந்தும் பீறிட்டு வருகிறது. முதல்நாள் ஒவ்வொரு மடக்காக அளந்து குடித்தவனுக்கு அதைப் பார்க்கக் கோபம்கூட வரும்.

நாட்பட்ட நிலவரம்: மடிப்புகளில் வெள்ளிப் பூச்சு உரிந்து, அங்கே வெளிச்சம் ஊசியாக உள்ளே வருகிறது. கைப்பிடி ஸ்பாஞ்ச் உப்பும் வியர்வையும் சேர்ந்து பொடிகிறது. சைக்கிள் கைப்பிடி டேப் சுற்றிவிட்டேன். துணி மட்டும் மாற்றித் தர முடியுமா என்று விற்ற இடத்தில் கேட்டேன், புதிதாக வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். இன்னும் வாங்கவில்லை. தென்கலிஃபோர்னியப் பாலைவனத்துக்கும் இந்த ரிம்முக்கும் இது வேண்டும். ஆரெகானில் அடர்ந்த காடு தொடங்கியதும் வீட்டுக்குத் தபாலில் அனுப்பிவிடலாம்.