12 பிளேடு 70 மி.மீ. ஃபேன் செட்: வாங்கலாம், ஆனால் வேகம் பின்குழாயில்தான்

ரிமோட்டில் பறக்கவிடும் மாதிரி ஜெட்டுக்கான, பிராண்ட் பெயரில்லாத பெட்டியில் வரும் 4எஸ் (நான்கு செல் லித்தியம் பேட்டரியில் ஓடும்) ஃபேன் செட் இது. விலைக்குத் தகுந்த சரக்குதான். பெட்டியில் போட்டிருக்கும் த்ரஸ்ட்டை (உந்துவிசையை) மட்டும் நம்பி ஜெட்டின் எடையை முடிவு செய்யாதீர்கள். முழு சார்ஜில், மேசைமேல் கட்டிவைத்து எடுக்கிற கணக்கு அது. 16.8 வோல்ட் பேட்டரி லோடில் 14.4-க்கு இறங்கினாலே த்ரஸ்ட்டில் ஏறத்தாழ கால் பங்கு போய்விடும். பெரிய மோட்டாருக்குப் போகும் முன் நல்ல பேட்டரி வாங்குங்கள்.

ஷ்ரவுட், அதாவது ஃபேனைச் சுற்றியிருக்கும் வளையக் கூட்டின் வார்ப்பு சுத்தம். பிளேடுகளோடு சுழலும் ரோட்டரின் பேலன்ஸ்தான் அரைகுறை. கழற்றி பேலன்ஸரில் வையுங்கள். கனமான பக்கம் கீழே வந்து நிற்கும். எதிர்ப்பக்கம் ஹப்பின் (ரோட்டரின் நடுக்குமிழின்) உள்ளே ஒரு துளி எபாக்ஸி பசை போதும். திருகு கழலாமல் இருக்கப் போடும் த்ரெட்லாக்கர் பசையை பிளாஸ்டிக்கில் படவிடாதீர்கள், ரோட்டர் விரிசல் விடும். பிளேடு நுனிக்கும் ஷ்ரவுடுக்கும் நடுவே அரை மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் அந்தப் பீஸைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

வேகத்துக்கு வருவோம். மட்டமாகப் பறக்கையில், ஃபேன் பின்னால் தள்ளும் காற்றின் வேகத்தை ஜெட் ஒருநாளும் தாண்டாது. ரோட்டர் 70, ஹப் 30 மி.மீ. என்றால் காற்று போகும் பரப்பு சுமார் 3,140 சதுர மி.மீ. பின்குழாயின் வாயை அதில் 90 சதவீதமாக, அதாவது 60 மி.மீ. விட்டமாகக் குறுக்குங்கள். நின்ற நிலை த்ரஸ்ட் கொஞ்சம் குறையும், டாப் ஸ்பீட் ஏறும். 58-க்குக் கீழே போனால் ஃபேன் மூச்சுத்திணறி கரகரக்கும், பேராசை வேண்டாம். இப்படிக் குறுகும் பின்குழாய்க் கூம்பு செய்ய ஸ்டேஷனரி கடை ஓ.எச்.பி. ஷீட் (கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாள்) போதும். ஒட்டும் டேப் வெளிப்பக்கம் இருக்கட்டும், உள்ளே மடிப்பு நின்றால் காற்று கலங்கும்.

செட்டோடு இன்டேக் லிப் (காற்று நுழையும் முன்வாயின் உதடு) வருவதில்லை, இது பெரிய குறை. முன்விளிம்பு கத்தி மாதிரி இருந்தால் காற்று உரிந்துபோகும். ஃபோமில் உருண்டையான உதடு வைத்துத் தேயுங்கள்.

மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி. 80 ஆம்ப் போடுங்கள். வயர் எட்டாவிட்டால் மோட்டார் பக்கத்து மூன்று வயரை நீட்டுங்கள். பேட்டரி பக்கம் நீட்டினால் வோல்டேஜ் ஸ்பைக் வந்து கெபாசிட்டர் செத்துப்போகும்.

சேலத்தில் பறக்கவிடுபவர்கள் காமலாபுரம் விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால் எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டு இடம் பிடியுங்கள். ஏற்காடு கதை வேறு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், 25 டிகிரி குளிரில்கூட, சேலத்து 40 டிகிரி மதியத்தைவிடக் காற்று 10 சதவீதம் மெலிது. இழுவையும் கூடவே குறைவதால் டாப் ஸ்பீட் பெரிதாக அடிவாங்காது. கையால் வீசிக் கிளப்பும்போதுதான் த்ரஸ்ட் போதாமல் மூக்கு குத்தும். றெக்கைக்கும் கூடுதல் வேகம் தேவைப்படும். கிளம்பும் நேரத் த்ரஸ்ட்டைக் கொஞ்சம் மீட்க, மலைக்கு 63 மி.மீ. கூம்பு ஒன்று தனியாகச் செய்து பையில் போட்டுக்கொள்ளுங்கள்.