வீட்டுக்கு எந்தப் பிரிண்டர்: கார்ட்ரிட்ஜா, டேங்கா, லேசரா?

போன வருடம் ஜூனில் எங்கள் வீட்டுக்கு ஒரு கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர் வாங்கினோம். அதற்கு முன் ஆறு வருடம் கார்ட்ரிட்ஜ், அதாவது சின்ன மைப் பெட்டி, போடும் இங்க்ஜெட் ஒன்று இருந்தது. அக்கா வீட்டில் இங்க் டேங்க் பிரிண்டர் ஓடுகிறது. அதில் ஏதாவது தகராறு என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அடுத்து வாங்கப் போகிறவர்களுக்கு உதவும் என்று மூன்றைப் பற்றியும் எழுதுகிறேன். என் ஓட்டு லேசருக்கு.

எங்கள் தேவை பெரிதல்ல. மகளின் ஒர்க்‌ஷீட், வில்லங்கச் சான்று, ரயில் டிக்கெட், அப்பாவின் பென்ஷன் தாள்கள், ஆதார் நகல். மாதம் 30, 40 பக்கம் வந்தால் அதிகம். அதுவும் சீராக வராது. ஒரே நாளில் 20 பக்கம் எடுப்போம், அப்புறம் மூன்று வாரம் பிரிண்டரைத் தொடவே மாட்டோம்.

கார்ட்ரிட்ஜ் பிரிண்டரைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. நாலாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும், அதனால்தான் வாங்குகிறோம். நான் போட்டுவந்த சின்ன கறுப்பு கார்ட்ரிட்ஜ் எண்ணூறு ரூபாய்க்கு மேல். பெட்டியில் போட்டிருந்த கணக்கே 200 பக்கத்துக்குள்தான். பக்கத்துக்கு நான்கு ரூபாய் தாண்டுகிறது. ஜெராக்ஸ் கடையில் கொடுத்தாலும் ஏறக்குறைய அதே செலவு. பிரிண்டரை மலிவாகக் கொடுத்து மையில் லாபம் எடுப்பது இந்தத் தொழிலின் பழைய கணக்கு. அதைக் காப்பாற்ற எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு 2016 செப்டம்பர் ஓர் உதாரணம்: எச்பியின் சில ஆபீஸ்ஜெட் மாடல்கள் அதுவரை ஒழுங்காக வேலை செய்த வேறு நிறுவன கார்ட்ரிட்ஜ்களைத் திடீரென்று ஏற்க மறுத்தன. பயனாளர்கள் கொதித்த பிறகு, அந்தத் தடையை நீக்கும் மென்பொருளை அந்த நிறுவனமே கொடுக்க வேண்டியதாயிற்று. அடுத்த வருடம் லெக்ஸ்மார்க் என்ற பிரிண்டர் நிறுவனம் தொடுத்த வழக்கில், ஒரு கார்ட்ரிட்ஜை விற்ற பிறகு அதன் மேல் காப்புரிமையைக் காட்டி உரிமை கொண்டாட முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்புதான். ஆனால் கார்ட்ரிட்ஜில் இருக்கும் சிப்பைப் பார்த்து ‘இது வேண்டாம்’ என்று பிரிண்டர் மறுப்பதை அந்தத் தீர்ப்பு தடுக்கவில்லை.

இந்தக் கோபத்துக்குப் பதிலாக வந்தது இங்க் டேங்க். எப்சன் 2010ல் இந்தோனேசியாவில் முதலில் இறக்கியது. இப்போது நம் ஊரில் கிட்டத்தட்ட எல்லா நிறுவனமும் விற்கிறது. பாட்டிலைக் கவிழ்த்து மையை ஊற்றிக்கொள்ளலாம். 65 மில்லி கறுப்பு பாட்டில் ஒன்றில் 4,500 பக்கம் வரை வரும் என்று சொல்கிறார்கள். பக்கக் கணக்குப் போட்டால் பத்து பைசா அளவுதான். கலரும் உண்டு. கடைக்காரர்கள் எல்லோரும் இதைத்தான் கையில் கொடுப்பார்கள். தினமும் பிரிண்ட் எடுக்கும் வீடு என்றால், டியூஷன் நடத்துகிறீர்கள் என்றால், நானும் இதையே சொல்வேன்.

ஆனால் வீட்டுப் பிரிண்டரை நாம் தவறான அளவுகோலால் அளக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. மாதம் 30 பக்கம் எடுப்பவருக்குப் பக்கத்துக்குப் பத்து பைசாவா, ஒரு ரூபாயா என்பது பெரிய விஷயமே இல்லை. மூன்று வாரம் சும்மா கிடந்த மெஷின், ராத்திரி பத்து மணிக்கு ஆன் செய்ததும் முதல் தாளை ஒழுங்காகத் தருமா? அதுதான் கேள்வி.

எங்கள் பழைய இங்க்ஜெட் தரவில்லை. மறுநாள் காலை மகளுக்குத் தேர்வு. ஹால் டிக்கெட்டைப் பிரிண்ட் கொடுத்தால், அவள் முகத்தின் குறுக்கே வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்து வந்தது. கார்ட்ரிட்ஜைக் கழற்றி, வெந்நீரில் நனைத்த துணியால் அடிப்பக்கத்தை ஒற்றி ஒற்றி எடுத்தேன். மையைத் தள்ளி அடைப்பை எடுக்க மெஷினிலேயே இருக்கும் கிளீனிங்கை மூன்று முறை ஓட்டினேன். கறுப்பு ஓரளவு வந்தபோது, கலர் மை தீர்ந்துவிட்டது என்று சொல்லி மெஷின் நின்றுகொண்டது. கறுப்பில் மட்டும் எடு என்றால் கேட்கவில்லை. காலை ஆறு மணிக்கு பஸ் ஸ்டாண்ட் ஜெராக்ஸ் கடை வாசலில் ஷட்டர் திறப்பதற்காக நானும் மகளும் நின்றோம். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றுதான் இனி மை உள்ள பிரிண்டரே வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

காரணம் எளிது. இங்க்ஜெட்டில் மை வரும் துளைகள் தலைமுடியை விடச் சிறியவை. மையோ தண்ணீர் மாதிரி திரவம். சும்மா கிடந்தால் துளையின் வாயில் காய்ந்து அடைக்கும். இதில் கார்ட்ரிட்ஜுக்கும் டேங்குக்கும் வித்தியாசம் இல்லை. இன்னும் சொன்னால், பல கார்ட்ரிட்ஜ்களில் அந்தத் துளைகள் இருக்கும் ஹெட் அதோடு சேர்ந்தே வரும், மாற்றினால் புது ஹெட். டேங்கில் ஹெட் பெரும்பாலும் மெஷினோடு இருக்கிறது. அடைத்தால் செலவும் பெரிது. மே மாதம் முழுக்க ஊருக்குப் போய்விட்டு வந்த அக்கா வீட்டில் சிவப்பு மை வரவே இல்லை. கிளீனிங் ஓட்ட ஓட்ட டேங்கில் மட்டம் இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. அப்படி இறங்கும் மையெல்லாம் உள்ளே இருக்கும் ஒரு பஞ்சில் போய்ச் சேருகிறது. பஞ்சு நிறைந்துவிட்டது என்று மெஷின் கணக்கு வைத்தால் அப்படியே நின்றுவிடும், சர்வீசுக்குத்தான் போக வேண்டும். சில புது மாடல்களில் அந்தப் பஞ்சுப் பெட்டியை நாமே மாற்றலாம். டேங்க் வாங்குவதாக இருந்தால் அதைப் பார்த்து வாங்குங்கள். வாரம் ஒரு கலர் பக்கம் எடுத்தால் அடைக்காது என்றார் அக்கா வீட்டுக்கு வந்த மெக்கானிக். அக்கா இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு பக்கம் எடுக்கிறாள்.

லேசரில் மையே கிடையாது. டோனர் என்பது நுண்ணிய பிளாஸ்டிக் பொடி. டிரம் என்ற உருளை மேல் ஒட்டி, தாளுக்கு மாறி, 200 டிகிரி அளவு சூட்டில் உருகிப் பதிகிறது. பொடி காய என்ன இருக்கிறது? இந்த ஒரு வருடத்தில் அதிகபட்சம் ஐந்து வாரம் தொடாமல் வைத்திருந்தேன். ஆன் செய்ததும் முதல் தாளே கறுகறுவென்று வந்தது.

இதிலும் தொல்லை உண்டு. ஸ்கேனரோடு பதினாறாயிரம் ஆயிற்று. டேங்கை விட மூன்றாயிரம் கூட. பெட்டியோடு வரும் டோனர் பாதிதான் நிரப்பியிருப்பார்கள். சூடேறும்போது கரண்ட் ஒரே இழுப்பாக இழுக்கும். கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் செருகினேன், அது கத்திக்கொண்டு அணைந்தது. நேராகச் சுவர் பிளக்கில்தான் போட வேண்டும், மின்வெட்டில் பிரிண்ட் இல்லை. ஐப்பசி மழையில் தாள் நமுத்துப்போய் இரண்டு மூன்று தடவை சிக்கியது. இப்போது தாள் கட்டைப் பாலிதீன் பையில் வைக்கிறேன். கலர் கிடையாது, மகளின் படங்களுக்கு ஸ்டூடியோவுக்குப் போகிறோம். கலர் லேசரை ஆபீசில் மட்டுமே தொட்டிருக்கிறேன். நான்கு டோனர் வாங்க வேண்டும் என்பதே வீட்டுக்கு வேண்டாம் என்று நினைக்கப் போதுமானதாக இருந்தது.

கம்பெனி டோனரின் விலை மூவாயிரத்தைத் தாண்டும். அதனால் ரீஃபில் செய்தேன். கடைத் தம்பி தரையில் பேப்பர் விரித்து, டோனர் கார்ட்ரிட்ஜின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, முதலில் கழிவுப் பொடியைத் தட்டிக் கொட்டினார். அப்புறம் பாட்டிலிலிருந்து புதுப் பொடியை மெல்ல இறக்கினார். மூக்கில் துணி கட்டியிருந்தார். வீட்டில் நாமே செய்யாமலிருப்பது நல்லது. முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, “சார், இதையே மூணு தடவைக்கு மேல ஊத்தாதீங்க, டிரம் தேஞ்சு கோடு விழும்” என்றார். இரண்டாவது முறை இன்னும் வரவில்லை, அதனால் அதற்குப் பிறகு எப்படி ஓடும் என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது.

வாங்குவதற்கு முன் உங்கள் தெரு ரீஃபில் கடையில் மாடல் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள். சில புது மாடல்களில் பொடி ஊற்றினாலும் சிப்பை மாற்றாமல் ஓடாது. நான் முதலில் பார்த்து வைத்திருந்த மாடலுக்கு அந்தத் தம்பி, “அதுக்கு சிப் இன்னும் வரல சார்” என்றார். அதை விட்டுவிட்டு, அவர் மேஜையில் பிரித்துப் போட்டிருந்த மாடலையே வாங்கினேன்.