காட்டுத் தடத்துக்கு எது: ஏ.டி.வி.யா, சைடு பை சைடா?

அமெரிக்காவில் காட்டுத் தடங்களில் ஓட்டுவதற்கென்று சொந்தமாக வண்டி வாங்க நினைப்பவர் முன் இன்று இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, இருக்கையின் இருபுறமும் கால் போட்டு அமர்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்து ஓட்டும் நான்கு சக்கர ஏ.டி.வி. (எல்லாவகைத் தரையிலும் ஓடும் வண்டி). மற்றொன்று ஸ்டியரிங், மிதிகள், சீட் பெல்ட், தலைக்கு மேல் இரும்புச் சட்டகம் ஆகியவற்றுடன் இருவர் அருகருகே உட்காரும் 'சைடு பை சைடு'. விற்பனைக் கூடத்தில் நின்று பார்த்தால் இரண்டாவதே எல்லா வகையிலும் மேலானது என்று தோன்றும். விற்பவரும் பெரும்பாலும் அதைத்தான் முன்னால் நகர்த்துவார். எனினும், எஞ்சினின் சிசியில் பேச்சைத் தொடங்குபவர்கள் கடைசியில் அகலத்தில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள் என்பதே என் கணிப்பு. அகலத்திலேயே தொடங்கினால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அமெரிக்க வனத்துறை ஒவ்வொரு தேசியக் காட்டுக்கும் எந்தத் தடத்தில் எந்த வண்டி போகலாம் என்று காட்டும் வரைபடம் வெளியிடுகிறது. அதில் கணிசமான தடங்கள் '50 அங்குலம் அல்லது அதற்கும் குறைந்த அகலமுள்ள வண்டிகளுக்கு மட்டும்' என்று குறிக்கப்பட்டிருக்கும். சில இடங்களில் தடத்தின் தொடக்கத்தில் இரண்டு கம்பங்களை அந்த அளவுக்கே நட்டு வைத்திருப்பார்கள். கால் போட்டு ஓட்டும் பயன்பாட்டு வகை ஏ.டி.வி. பொதுவாக 46 முதல் 48 அங்குலத்துக்குள் அடங்கிவிடும். சைடு பை சைடு வகையில் நிலைமை வேறு. 2004 மாடலாக யமஹா கொண்டுவந்த ரைனோ இந்த வகையைப் பரவலாக்கியபோது அது 50 அங்குலத்தைச் சற்றுத் தாண்டியிருந்தது. 2008 மாடலாக வந்த போலாரிஸ் ஆர்.இசட்.ஆர். அந்தக் கம்பங்களுக்கு இடையே நுழையும்படி சரியாக 50 அங்குலத்தில் வடிவமைக்கப்பட்டது. அதன் வெற்றிக்கு அந்த ஒற்றை எண்ணே பெருங்காரணம் என்று சொன்னால் மிகையாகாது. அதன் பிறகு போட்டி வேகத்தின் பக்கம் திரும்பியது. ஆர்.இசட்.ஆர். எக்ஸ்.பி. 1000 வகையின் அகலம் 64 அங்குலம். கேன்-ஆம் மேவரிக் எக்ஸ்3 வகையின் சில வடிவங்கள் 72 அங்குலம். பாலைவன மணலில் கவிழாமல் பாய்வதற்கு அந்த அகலம் தேவை. ஆனால் அதே வண்டியை வாங்கியவர் அருகிலுள்ள தேசியக் காட்டின் வரைபடத்தை விரித்துப் பார்க்கும்போது, தமக்கு எஞ்சியிருப்பது பெரும்பாலும் ஜீப் பாதைகள்தாம் என்பதைக் கண்டுகொள்வார். 50 அங்குல சைடு பை சைடு இப்போதும் விற்கிறது என்றாலும், உயரமான உடலைக் குறுகிய சக்கர இடைவெளியில் நிறுத்தியிருப்பதால், பக்கச் சரிவில் அதற்குரிய மரியாதையைக் கொடுத்தே ஓட்ட வேண்டும்.

இதற்கு நேர்மாறான இடமும் உண்டு. மேற்கு வர்ஜீனியாவின் தெற்கு மூலையில், நிலக்கரி நிறுவனங்களும் மர நிறுவனங்களும் வைத்திருக்கும் நிலங்களின் ஊடாக 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஹாட்ஃபீல்டு-மெக்காய் தடங்கள் இன்று ஆயிரம் மைலுக்கும் மேல் நீள்கின்றன. அங்குள்ள பாதைகளில் பெரும்பகுதி பழைய சுரங்கச் சாலைகளும் மரம் இழுத்த வழிகளும் ஆகும். எனவே அகலமான சைடு பை சைடும் தாராளமாகப் போகும். பச்சை என்றால் எளிது, நீலம் நடுத்தரம், கறுப்பு கடினம் என்று தடங்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. கில்பர்ட், மேன், மேட்வான் போன்ற சிற்றூர்களில் தடத்திலிருந்து இறங்கி வண்டியுடனேயே பெட்ரோல் பங்குக்கும் உணவகத்துக்கும் விடுதிக்கும் போகலாம். சுரங்க வேலை சுருங்கிய ஊர்களுக்கு இந்த வண்டிக்காரர்களின் வரவு சற்றே மூச்சு விட இடம் கொடுத்திருக்கிறது. ஒரு குடும்பமாக மூன்று நாள் தங்கி, காலையில் கிளம்பி மாலையில் திரும்புவதுதான் திட்டம் என்றால், இங்கே சைடு பை சைடின் பக்கம் தராசு தெளிவாகச் சாய்கிறது. எந்த வண்டியில் போனாலும் ஹெல்மெட் கட்டாயம் என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. தலைக்கு மேல் சட்டகம் இருக்கிறதே என்ற வாதம் அங்கு எடுபடாது.

ஓட்டும் அனுபவத்தில் இவ்விரண்டும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல என்றே கூறலாம். ஏ.டி.வி.யில் ஓட்டுபவரின் உடலும் வண்டியின் ஓர் உறுப்பு. மேடு ஏறும்போது இருக்கையிலிருந்து எழுந்து முன்னால் சாய வேண்டும். இறங்கும்போது பின்னால் நகர வேண்டும். பக்கச் சரிவில் மேட்டுப் பக்கமாக உடலைத் தள்ளி, கீழ்ப் பக்கச் சக்கரத்தின் பாரத்தைக் குறைக்க வேண்டும். மூன்று மணி நேரம் இப்படி ஓட்டினால் தொடையும் தோளும் சொல்லிக் காட்டும். எஞ்சின் வேகத்தைக் கூட்டும், விரலளவு நெம்புகோலாக இருக்கும் த்ராட்டிலை அழுத்தியே வலக்கைக் கட்டைவிரலின் அடிமூட்டு தனியாக வலிக்கும். அதே சமயம், பாறை நிறைந்த ஏற்றத்தில் எந்தச் சக்கரம் எந்தக் கல்லின் மேல் ஏறுகிறது என்று குனிந்து பார்த்தே ஓட்ட முடிவதும் இதில்தான். சைடு பை சைடில் முன்மூடி மறைக்கும். முன்சக்கரத்தின் இடத்தைப் பழக்கத்தால் ஊகிக்க வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாகப் பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டு, குளிர்பெட்டியைப் பின்னால் வைத்துக்கொண்டு, நாள் முழுவதும் களைப்பில்லாமல் போகலாம். கோடைக் காலத்தில் புழுதி மட்டும் பின்பக்கமாகச் சுழன்று உள்ளே வந்து, பல்லில் நறநறக்கும்.

பாதுகாப்பைப் பற்றிய பேச்சில் இரு தரப்பாரும் தத்தம் வண்டிக்குச் சாதகமாகவே பேசுவார்கள். ஏ.டி.வி. கவிழும்போது ஓட்டுபவர் விலகி விழ வாய்ப்புண்டு; ஆனால் 600, 700 பவுண்டு எடையுள்ள வண்டி அவர் மேலேயே உருண்டு வரவும் வாய்ப்புண்டு, கடுமையான காயங்கள் பலவும் அப்படித்தான் நேர்கின்றன. சைடு பை சைடின் சட்டகம் சீட் பெல்ட்டோடு சேர்ந்தால்தான் காக்கும். வண்டி சாய்கிறது என்றதும் கையையோ காலையோ வெளியே ஊன்றித் தடுக்க முயல்வது மனித இயல்பு. அந்தக் கைதான் சட்டகத்துக்கும் தரைக்கும் இடையே சிக்குகிறது. பக்க வலையையோ கதவையோ மூடாமல் ஓட்டுவோருக்கு அந்தச் சட்டகத்தால் பாதிப் பயன்கூடக் கிடைக்காது. ஒருவருக்கான ஏ.டி.வி.யின் பின்னால் இன்னொருவரை ஏற்றிக்கொள்வது இரு தரப்பாரும் கண்டிக்க வேண்டிய பழக்கம். நீண்ட இருக்கை, ஓட்டுபவர் முன்னும் பின்னும் நகர்ந்து அமர்வதற்காக வைக்கப்பட்டதே அன்றி, இருவர் அமர்வதற்காக அல்ல. இருவர் போகத்தான் வேண்டும் என்றால், சக்கர அச்சுகளுக்கு இடையிலான தூரத்தை நீட்டி இரண்டாவது இருக்கையோடு தயாரிக்கும் இருவர் வகை ஏ.டி.வி. உண்டு. கம்பங்களுக்கு இடையே நுழைய வேண்டிய தம்பதியருக்கு அதுவே நல்ல சமரசம்.

எஞ்சினின் அளவு இடத்தைப் பொறுத்தது. மேற்கு வர்ஜீனியாவின் அந்தக் குன்றுகளில் 420 முதல் 570 சிசி வரையிலான ஏ.டி.வி. தாராளம், அதற்கு மேல் போவது பெரும்பாலும் பெருமைக்கு. யூட்டாவில் ரிச்ஃபீல்டு, மேரிஸ்வேல் ஊர்களைத் தொட்டு மூன்று மலைத்தொடர்களைச் சுற்றிவரும் பையூட் தடம் 10,000 அடிக்கும் மேலே ஏறுகிறது. டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் என்ற கணக்கில் வலுவை இழக்கும். கடல்மட்டத்தில் 44 குதிரைத்திறன் தரும் போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570, அந்த உயரத்தில் முப்பதைச் சுற்றித்தான் தரும். இரண்டு பேரையும் சாமானையும் சுமக்கும் சைடு பை சைடுக்கு இந்த இழப்பு இன்னும் உறைக்கும். அங்கே மட்டும் பெரிய எஞ்சினைக் கேட்பவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஏ.டி.வி. என்று முடிவு செய்தவருக்கு அடுத்த கேள்வி பெல்ட்டா, கியரா என்பது. பேச்சு உண்மையில் சூடுபிடிப்பது இங்குதான். 1985இல் போலாரிஸ் தன் முதல் ஏ.டி.வி.யான டிரெயில் பாஸை பெல்ட்டில் ஓடும் தானியங்கி வண்டியாகக் கொண்டுவந்தது. இன்று போலாரிஸ், கேன்-ஆம், யமஹா மூன்றின் பயன்பாட்டு வகைகளும் பெல்ட்டையே நம்பியிருக்கின்றன. இரண்டு கூம்புக் கப்பிகளுக்கு இடையே ரப்பர் பெல்ட் ஓடும். எஞ்சின் வேகம் கூடக் கூட முன்கப்பி நெருங்கி, பெல்ட் மேலே ஏறி, விகிதம் தானாக மாறும். ஓட்டுபவர் த்ராட்டிலைத் தவிர வேறெதையும் நினைக்க வேண்டியதில்லை. புதியவருக்கு இது பெரிய விடுதலை. இதன் குறை செங்குத்தான இறக்கத்தில் தெரியவரும். சாதாரண பெல்ட் அமைப்பில் எஞ்சின் வேகம் குறைந்ததும் முன்கப்பி பெல்ட்டை விட்டுவிடும். ஈர இலைகளும் உதிரிப் பாறையும் கிடக்கும் கறுப்புத் தடத்தின் இறக்கத்தில், அதுவரை எஞ்சின் பிடித்து நிறுத்தியிருந்த வண்டி சட்டென்று விடுபட்டுத் தானாக உருளத் தொடங்கும் அந்த நொடியில், பிரேக்கை அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும். இதைத் தவிர்க்கத்தான் நிறுவனங்கள் தனி ஏற்பாடுகளைச் சேர்க்கின்றன. யமஹாவின் அமைப்பில் பெல்ட் எப்போதும் இறுக்கமாகவே இருக்கிறது. வண்டியை விடுவிக்கும் வேலையைத் தனி கிளட்ச் பார்த்துக்கொள்கிறது. ஒரு பக்கம் மட்டும் சுழலும் இன்னொரு கிளட்ச் இறக்கத்தில் எஞ்சினின் பிடியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிறது. பெல்ட் வண்டிகளில் மலைத் தடத்துக்கு என் முதல் ஓட்டு அதற்கே.

ஹோண்டா பெல்ட் பக்கமே வராமல் இருக்கிறது. ரான்ச்சர் 420, ஃபோர்மேன் போன்றவற்றில் காலாலோ பொத்தானாலோ மாற்றும் உண்மையான கியர்கள் உள்ளன. கிளட்ச் நெம்புகோல் கிடையாது, அது தானாக இயங்கும். எஞ்சினை நீளவாக்கில் பொருத்தியிருப்பதால், சக்தி அதிகத் திருப்பங்கள் இல்லாமல் முன்னும் பின்னும் செல்லும் தண்டுகளுக்குப் போய்ச் சேருகிறது. முதல் கியரில் போட்டுவிட்டால் நடை வேகத்தில் இறங்கலாம். ஆழமான சேற்றுக்குழியைக் கடந்த பின் பெல்ட் வண்டிக்காரர் பெல்ட்டின் உறைக்குள் புகுந்த நீரை வடித்து, நியூட்ரலில் உறுமவிட்டுப் பெல்ட்டைக் காய வைத்துக்கொண்டிருக்கும்போது, கியர் வண்டிக்காரர் போய்க்கொண்டே இருப்பார். பெல்ட் வண்டியை மெதுவான ஏற்றத்தில் 'லோ'வில் (மெதுவான விகிதத்தில்) போடாமல் 'ஹை'யிலேயே (வேகமான விகிதத்திலேயே) இழுத்தால் ரப்பர் கருகும் வாடை வரும். அந்த வாடைக்குப் பின் உதிரி பெல்ட்டும் ஸ்பேனர் செட்டும் இல்லாமல் பத்து மைல் உள்ளே இருப்பது நல்ல அனுபவம் அல்ல. ஆனால் கியரின் பக்கமும் ஒரு குறை உண்டு: பாறை ஏற்றத்தின் நடுவில் தவறான கியரில் அகப்பட்டால் எஞ்சின் திணறும், மாற்றும் கண நேரத்தில் ஏறிய வேகம் போய்விடும். அதிகம் ஓட்டாத குடும்பத்தினரும் பகிர்ந்து ஓட்டப்போகும் வண்டிக்கு நான் பெல்ட்டையே சொல்வேன். தனியாக, தொலைவாகப் போகிறவருக்குக் கியர்.

வண்டியைத் தடம் வரை கொண்டுபோவது பலர் கடைசியில் யோசிக்கும் செலவு. 48 அங்குல ஏ.டி.வி. முழு அளவு பிக்அப்பின் பின்தட்டில், சக்கர மேடுகளுக்கு இடையே உரசாமல் அமரும். ஆறரை அடித் தட்டில் பின்கதவைத் திறந்து வைத்தால் நீளமும் போதும். நடுத்தர பிக்அப்களில் அந்த இடைவெளி சுமார் 45 அங்குலமே, ஆகவே டிரெயிலர் தேவைப்படும். சைடு பை சைடுக்கு டிரெயிலர் இல்லாமல் கதை நடக்காது. ஆயிரம் பவுண்டுக்கு மேற்பட்ட வண்டி, அதன் டிரெயிலர், அதை நிறுத்த வீட்டில் இடம் என்று பட்டியல் நீளும். விலையும் அப்படியே: 50 அங்குல சைடு பை சைடு ஒத்த தரத்து ஏ.டி.வி.யைவிடக் கணிசமாக அதிகம். 1,000 சிசி விளையாட்டு வகைகள் பலவும் 20,000 டாலரை நெருங்கும் அல்லது தாண்டும்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய மூன்று சக்கர வண்டியை யாராவது காட்டினால் கேட்காமல் நகர்ந்துவிடலாம். 1970இல் ஹோண்டா தொடங்கிவைத்த அந்த வகையின் விற்பனை, விபத்துகள் பெருகியதால் 1988இல் உற்பத்தி நிறுவனங்கள் அரசோடு செய்துகொண்ட உடன்பாட்டில் நின்றது. 2008ஆம் ஆண்டுச் சட்டம் புதியவற்றை முற்றிலும் தடை செய்தது.

ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் போகிறவர் எதையும் வாங்காமல் தடத்தருகே வாடகைக்கு எடுப்பதே அறிவு; வாங்க முடிவு செய்தவரும் இரண்டு வகையையும் ஒவ்வொரு நாள் வாடகைக்கு ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். பிறகு பழைய ஏ.டி.வி. ஒன்றைத் தேடுவது முதல் வண்டிக்குப் போதுமானது. பார்க்கப் போகும்போது வெளியே பளபளக்கும் பிளாஸ்டிக்கை விட்டுவிட்டு, இருக்கையைக் கழற்றி ஏர் ஃபில்டரை வெளியே எடுத்து, அதன் பெட்டியின் எஞ்சின் பக்கத்துக் குழாயில் விரலை விட்டுத் துடைக்க வேண்டும். விரலில் மணல் ஒட்டினால் அந்த எஞ்சின் புழுதியைக் குடித்திருக்கிறது, விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். எண்ணெய்க் குச்சியில் பால் நிறம் தெரிந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சக்கரங்களுக்குப் போகும் தண்டுகளின் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் தெறித்திருந்தால், அது பேரம் பேசுவதற்கான காரணம் மட்டுமே. உறையையும் மூட்டையும் மாற்றிக்கொள்ளலாம். முன்சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் ஆட்டிப் பார்த்து, எஞ்சின் ஓடிய நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டரில் உள்ள மணிகளை ஓடிய மைல்களோடு ஒப்பிட வேண்டும். மணி மிகுந்து மைல் குறைந்திருந்தால் வண்டி பண்ணையிலோ சேற்றிலோ ஊர்ந்திருக்கும். பெல்ட் வண்டியாக இருந்தால் அதன் உறையைத் திறந்து பெல்ட்டின் ஓரங்கள் மினுமினுக்கின்றனவா என்று பார்க்காமல் பணத்தை எடுக்க வேண்டாம்.