சென்சார் தூசி: ஜெல் குச்சியா, ஈர ஸ்வாப்பா?

லென்ஸைக் கழற்றி மாட்டும் டிஎஸ்எல்ஆர் (உள்ளே மிரர் வைத்த கேமரா) எதுவானாலும் உள்ளே தூசி வந்தே தீரும். வானத்தில் ஒரு சாம்பல் புள்ளி, அடுத்த படத்திலும் அதே இடத்தில் அதே புள்ளி என்றால், படத்தைப் பதிவு செய்யும் சென்சாரில் ஏதோ ஒட்டியிருக்கிறது. எடுக்க நான்கு வழிகள் உண்டு: ப்ளோயர் (கையால் அமுக்கிக் காற்று ஊதும் ரப்பர் பந்து), சர்வீஸ் சென்டர், ஜெல் குச்சி, திரவம் தொட்டுத் துடைக்கும் ஈர ஸ்வாப். நான் ஸ்வாப் கட்சி. கட்டுரையை அந்தக் கண்ணோடே படியுங்கள்.

முதலில், சுத்தம் செய்யத்தான் வேண்டுமா என்று பார்த்துவிடுவோம். வ்யூஃபைண்டரில் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளையில்) கறுப்பாகத் தெரியும் தூசி படத்தில் விழாது. அது வ்யூஃபைண்டருக்கான காட்சி விழும் ஃபோகஸிங் ஸ்கிரீனிலோ அதன் அருகிலோ இருப்பது. ஒளியை வ்யூஃபைண்டருக்குத் திருப்பிவிடும் மிரரில் இருக்கும் தூசியும் அப்படித்தான், படம் பதிவாகும் நேரத்தில் மிரர் மேலே போய்விடுகிறது. ஃபோகஸிங் ஸ்கிரீன் மென்மையான பிளாஸ்டிக் என்பதால் துடைத்தால் கீறல் விழும், விழுந்தது போகாது. கண்ணை உறுத்தினால் லேசாக ஊதிவிடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

சென்சார் தூசியைக் கண்டுபிடிக்க அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, எஃப்/16 அல்லது எஃப்/22-க்குக் கொண்டுபோய் (எண் கூடக் கூடத் திறப்பு சிறிது), ஃபோகஸை மேனுவலில் கலைத்துவிட்டு, வெள்ளைத் திரை ஒன்றைப் படம் எடுக்க வேண்டும். ஷட்டர் திறந்திருக்கும்போது கேமராவை மெல்ல அசைத்தால் திரையில் உள்ள அழுக்கு கலங்கிப் போகும், சென்சாரில் உள்ளது மட்டும் நின்ற இடத்தில் நிற்கும். எஃப்/2.8-ல் இந்தப் புள்ளிகள் ஏன் தெரிவதில்லை? தூசி உட்காருவது சென்சாருக்கு முன்னால் இருக்கும் ஃபில்டர் கண்ணாடியின் மேல். பெரிய திறப்பில் ஒளி பல கோணங்களிலிருந்து வந்து தூசியின் நிழலைக் கரைத்துவிடுகிறது; சிறிய திறப்பில் நிழல் கூர்மையாக விழுகிறது. எப்போதும் அகலத் திறப்பில் முகங்களை மட்டும் எடுப்பவர்கள் இந்தப் பஞ்சாயத்தே இல்லாமல் பல மாதம் ஓட்டிவிடலாம். நிலக்காட்சி எடுப்பவர்களுக்குத்தான் தலைவலி.

ப்ளோயர் மற்றவற்றுக்குப் போட்டியே அல்ல. எந்த வழியில் போனாலும் அதுதான் முதல் படி. கேமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, ப்ளோயர் முனை உள்ளே எதையும் தொடாதபடி நாலைந்து முறை ஊதினால் தளர்ந்த தூசி விழுந்துவிடும். டப்பாவில் வரும் அழுத்தக் காற்று வேண்டாம், உள்ளே இருக்கும் வாயு திரவமாகவே தெறித்துக் கறை விடும். வாயால் ஊதினால் என்ன வந்து சேரும் என்று சொல்லத் தேவையில்லை. 2003-ல் ஒலிம்பஸ் இ-1 அறிமுகப்படுத்தி, பிறகு பல கேமராக்களில் வந்துவிட்ட, சென்சாருக்கு முன்னால் உள்ள கண்ணாடியை அதிரவைக்கும் முறையும் இந்த ரகம்தான். ஒட்டாததை உதறும், ஒட்டியதை ஒன்றும் செய்யாது.

சர்வீஸ் சென்டர் பாதுகாப்பான வழி. கை நடுங்கும் என்பவர்கள் தயங்காமல் கொடுத்துவிடலாம். என் சங்கடம் ஒன்றுதான்: கேமரா திரும்பி வந்து அடுத்த முறை லென்ஸ் மாற்றியதும் புதுத் தூசி வந்து உட்காரும், அதற்காக மறுபடியும் அனுப்பிக்கொண்டிருக்க முடியுமா? ஆனால் துடைக்கத் துடைக்கப் புள்ளிகள் புதிதாக முளைத்துக்கொண்டே இருந்தால் கோளாறு கேமராவிலேயே இருக்கலாம். நிக்கான் டி600-ல் இப்படிப் புள்ளிகள் வருவதாகப் புகார்கள் குவிந்து, 2014-ல் அந்த நிறுவனமே இலவசமாக ஷட்டரை மாற்றித் தந்தது. அப்படிப்பட்ட இடத்தில் நாம் கைவைக்கக் கூடாது.

மிச்சம் இருப்பது ஜெல் குச்சியும் ஸ்வாப்பும். ஜெல் குச்சி பார்க்கவே ஆசை காட்டும். முனையில் பிசுபிசுப்பான ஜெல் இருக்கும். சென்சாரில் அழுத்தி எடுத்தால் தூசி அதோடு வந்துவிடும். பிறகு கூடவே வரும் ஒட்டும் தாளில் ஒற்றினால் தூசி தாளுக்குப் போய்விடும். திரவம் இல்லை, காயும் வரை காத்திருக்க வேண்டாம், கோடு விழாது, ஒரு குச்சி நெடுநாள் வரும். ஒரே ஒரு தூசி ஒரே ஒரு இடத்தில் இருந்தால் இதைவிடச் சுலபமான வழி இல்லை. பயணத்தில் இதற்குத்தான் ஜெயம். ஸ்வாப் திரவங்களில் பல ஆல்கஹால் வகை, எளிதில் தீப்பற்றும். அதை விமானத்தில் கொண்டுபோவது தொல்லை.

அப்புறம் ஏன் ஸ்வாப்? துடைக்கும் கருவி சுத்தமாக இருக்கிறதா என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். ஜெல் குச்சி எதை எடுத்ததோ அதைச் சுமந்துகொண்டே அடுத்த இடத்துக்குப் போகிறது. காய்ந்த தூசியைத் தாள் வாங்கிக்கொள்ளும், எண்ணெயை அவ்வளவு எளிதில் வாங்காது. டிஎஸ்எல்ஆருக்குள் மிரரும் ஷட்டரும் ஓயாமல் அடித்துக்கொள்வதால் மசகு எண்ணெய்த் துளிகள் சென்சார் மேல் தெறிப்பது உண்டு. படத்தில் இவை பெரும்பாலும் வட்டமாக, நடு கொஞ்சம் வெளுத்துத் தெரியும். அதன் மேல் ஜெல்லை வைத்தால் எண்ணெய் ஜெல்லில் ஏறும், அடுத்து ஒற்றும் இடங்களில் எல்லாம் ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி பதியும். ஒரு புள்ளியை எடுக்கப் போய் நாலு மங்கல் கறைகள் மிஞ்சும். போதாததற்குக் குச்சிக்கே பராமரிப்பு வேண்டும். மூடி வைக்க வேண்டும், ஒவ்வொரு ஒற்றலுக்கும் தாளில் சுத்தம் செய்ய வேண்டும், தாள் தீர்ந்தால் வாங்க வேண்டும். தூசியை இழுப்பதற்கென்றே செய்த பொருள் காற்றில் இருப்பதையும் இழுக்கத்தானே செய்யும்?

ஸ்வாப்பில் இந்தக் கேள்வியே எழாது. மூடிய பாக்கெட்டைப் பிரிக்கிறோம், துடைக்கிறோம், தூக்கிப் போடுகிறோம். போன முறை எடுத்த அழுக்கு இந்த முறை வர வழியே இல்லை. எண்ணெயைத் திரவம் கரைத்து எடுத்துவிடும். ஒவ்வொரு முறையும் காசு கரைகிறது என்பது உண்மை, அதற்கு நான் சமாதானம் சொல்லப் போவதில்லை. ஆனால் சிக்கனம் பார்த்து அதே ஸ்வாப்பை மறுபடி பயன்படுத்தினால் அதன் ஒரே பலத்தையும் கெடுத்துக்கொள்கிறீர்கள். அதற்கு ஜெல் குச்சியே வாங்கியிருக்கலாம்.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். ஸ்வாப்பின் அகலம் சென்சாரின் உயரத்துக்கு ஒத்திருக்க வேண்டும்: ஃபுல் ஃப்ரேம் என்ற பெரிய சென்சாருக்கு 24 மி.மீ., ஏபிஎஸ்-சி என்ற சிறிய சென்சாருக்கு 16 மி.மீ. பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும், பாதியில் தீர்ந்தால் மிரர் உங்கள் ஸ்வாப் மேலேயே விழும். மிரரைத் தூக்கி ஷட்டரைத் திறந்து பிடிக்க மெனுவில் உள்ள சென்சார் சுத்தம் செய்யும் வசதியைப் பயன்படுத்துங்கள், பட்டனை அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும் பல்ப் முறையில் திறந்து வைக்காதீர்கள். ஸ்வாப்பில் இரண்டு மூன்று சொட்டு போதும், கூடினால் காய்ந்த பின் தடம் தெரியும். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே வீச்சு, திருப்பி மறுமுகத்தால் எதிர்த்திசையில் இன்னொரு வீச்சு, அவ்வளவுதான். சுற்றியுள்ள சட்டத்தில் இடிக்காதீர்கள். அங்கே பிசுக்கு இருந்தால் கண்ணாடிக்கு இழுத்து வந்துவிடும், ஸ்வாப்பின் மோசமான குணம் இதுதான். படத்தில் மேலே தெரியும் புள்ளி சென்சாரில் கீழே இருக்கும். முன்பக்கமிருந்து பார்க்கும்போது இடம் வலம் மாறாது.

ஜெல் குச்சியை நான் சொந்தமாக வைத்து ஆண்டதில்லை, இரவல் வாங்கிப் பார்த்ததோடு சரி. ஒழுங்காகப் பராமரிப்பவர்கள் கையில் அது நான் சொல்வதைவிட நன்றாகவே உழைக்கலாம். என் பேச்சு டிஎஸ்எல்ஆருக்கு மட்டும்தான். அசையும் சென்சார் உள்ள மிரர்லெஸ் (மிரர் இல்லாத) கேமராக்களில் நான் கைவைத்ததில்லை, அதற்குத் தயாரிப்பாளரின் கையேட்டைப் பாருங்கள்.

துடைத்து முடித்ததும் எஃப்/22-ல் சோதித்தால் எங்காவது ஓரத்தில் ஒரு புள்ளி மிச்சம் இருக்கத்தான் செய்யும். எஃப்/11-ல் அது தெரியவில்லை என்றால் நான் அடுத்த பாக்கெட்டைப் பிரிப்பதில்லை. அந்த ஒன்றை எடிட்டிங்கில் ஒரே க்ளிக்கில் அழித்துவிடலாம்.