ஒன் பீஸ் வெட்சூட்டுக்கு ஆன்லைனில் அளவு கொடுக்கப் போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள்

ஒரு மாதச் சம்பளம் போய்விட்டது. பிடித்தம் போகக் கைக்கு வந்த முழுத் தொகை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இதே கடையில் இந்த நேரத்தில்கூட யாராவது அளவு கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

கடையின் பெயரைப் போடவில்லை. ஃப்ரீடைவிங், அதாவது மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆழத்துக்கு இறங்குவதற்கான சூட்டுகளை அளவுக்குத் தைத்து அனுப்புவதாகச் சொல்லும் ஆன்லைன் கடை, சாட்டில் பேசி ஆர்டர் எடுக்கிற வகை. நான் கேட்டது 3 மி.மீ. தடிமனில், மேலும் கீழும் ஒரே துண்டாக வரும் ஒன் பீஸ். வெளியே வழவழப்பான ஸ்மூத் ஸ்கின், உள்ளே துணி ஒட்டாத ஓபன் செல், ரப்பர் யமமோட்டோ 39 என்ற ஜப்பான் நியோப்ரீன் ரகம். நீச்சல் குளத்துக்கும் குளிர் அதிகமில்லாத கடலுக்கும் இது போதும். அதற்கு மேல் குளிர் என்றால் தொப்பி சேர்ந்த ஜாக்கெட்டும் பேன்ட்டும் தனித்தனியாக வரும் டூ பீஸ்தான் சரி.

நம்ப வைத்த விதத்தைச் சொல்கிறேன். சில கடைகளில் உயரம், எடை, நெஞ்சு, இடுப்பு கேட்பார்கள், அவ்வளவுதான். இங்கே சாட்டில் இருந்தவர் முதலில் கேட்டதே உடல் நீளம். "தோள்லருந்து கவட்டை வழியா சுத்தி திரும்ப அதே தோளுக்கு டேப்பைக் கொண்டு வாங்க தம்பி. டூ பீஸ்ல ஜாக்கெட்டும் பேன்ட்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருக்கறதால கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் தெரியாது. ஒன் பீஸ்ல அந்த அளவு தப்பினா மொத்த சூட்டும் தப்பு" என்றார். அடுத்து, மூச்சை முழுவதும் இழுத்து நிறுத்தி ஒரு நெஞ்சளவு, விட்டுவிட்டு ஒரு நெஞ்சளவு. இப்படிக் கேட்கிறவர் தண்ணீருக்குள் இறங்குகிறவராகத்தான் இருப்பார் என்று யாருக்கும் தோன்றும். அவர் சொன்னது எல்லாமே உண்மை. அதுதான் இப்போது வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறது. விஷயம் தெரிந்தே ஏமாற்றியிருக்கிறார்கள்.

ஓபன் செல் ரப்பரை விரலால் அழுத்தி, அது தோலில் ஒட்டுவதைக் காட்டும் வீடியோவும் அனுப்பினார். எல்லாம் பேசி முடிந்ததும், கார்டு வழி வேலை செய்யவில்லை, நேரே வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள் என்றார்கள். ஒரு மாதச் சம்பளம் அனுப்பினேன். "நிம்மதியா இருங்க தம்பி, இனிமே என் பொறுப்பு" என்று பதில் வந்தது.

சொன்ன தேதி தாண்டி, இரண்டு முறை தள்ளிப்போய் பார்சல் வந்தது. பிரித்தால் உள்ளே முழுக்க நைலான் லைனிங். ஓபன் செல் என்பது துணி ஒட்டாத வெறும் ரப்பர், நுண்ணிய துளைகளோடு தோலில் பற்றிக்கொள்ளும். உலர்ந்த உடம்பில் ஏறவே ஏறாது, சோப்புத் தண்ணீர் ஊற்றித்தான் போட வேண்டும். இதுவோ சட்டை மாதிரி வழுக்கிக்கொண்டு ஏறியது. லைனிங் வைத்த சூட் மோசமில்லை, சீக்கிரம் கிழியாது, நீச்சல் குளத்தில் பயிற்சி செய்கிறவர்கள் பலர் அதையே விரும்புவார்கள். ஆனால் நான் காசு கொடுத்தது அதற்கில்லை.

தொடைப் பக்கம் கையால் அழுத்தினாலே தடிமன் வேறாகத் தெரிந்தது. நெஞ்சிலும் தொடையிலும் 5 மி.மீ., கையில் மெல்லியது, கால் கணுக்காலுக்கு மேலேயே முடிகிறது, முதுகில் நீளக் கயிறு வைத்த ஜிப். ட்ரையத்லான் நீச்சலுக்குப் போடும் சூட் இப்படித்தான் இருக்கும். அது உடம்பை மேலே மிதக்க வைப்பதற்கென்றே செய்வது, நாமோ கீழே போகிறவர்கள். எனக்கென்று ஒரு தையலும் போடவில்லை, கையிருப்பில் கிடந்ததை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

உடல் நீளம் குறைவு. கைகளைத் தலைக்கு மேல் நீட்டினால் தோளும் கவட்டையும் ஒன்றையொன்று இழுக்கின்றன. முழு மூச்சு இழுக்க முடியவில்லை, விலா விரியாமல் பாதியில் நிற்கிறது. நீச்சல் குளத்தில் மூச்சைப் பிடிப்பதற்கு முன்பே, தளர்ந்து படுத்திருக்கும்போதே தலை கிறுகிறுத்தது. காலர் கழுத்தின் பக்கவாட்டில் அழுத்திக்கொண்டிருந்தது. அங்கே ஓடும் ரத்தக்குழாயின் மேல் அழுத்தம் விழுந்தால் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்கி மயக்கம்கூட வரலாம். கூட இருந்த டைவிங் துணைதான் ஜிப்பை இறக்கிவிட்டார்.

அன்றைக்கே படங்கள், வீடியோ, ஸ்கேல் வைத்த தடிமன் எல்லாம் அனுப்பினேன். முதல் பதில்: "நியோப்ரீன் போடப் போட இளகும்." கொஞ்சம் இளகும்தான், அதற்காகக் குறைந்த உடல் நீளம் கூடிவிடுமா? லைனிங் ஓபன் செல்லாக மாறிவிடுமா? அடுத்த பதில்: லைனிங் ஒரு அப்கிரேட், அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லையாம். அப்புறம் ஆள் மாறிவிட்டார். அதுவரை தம்பி, அதற்குப் பிறகு "அன்பார்ந்த வாடிக்கையாளருக்கு". தங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டுள்ளது என்று வந்த அதே வரி மறுபடி மறுபடி வந்தது. கடைசியில், அளவு நீங்கள் தப்பாக எடுத்திருக்கிறீர்கள் என்றார்கள். டேப்போடு நான் அனுப்பிய படங்களைப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று அவர்களே எழுதியது சாட்டில் இருக்கிறது! அதைக் காட்டியதும், தண்ணீரில் நனைத்த சூட்டைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று வேறு பாட்டு. நஷ்டத்துக்கு ஈடாக அடுத்த ஆர்டரில் தள்ளுபடி தருகிறார்களாம்.

இதையெல்லாம்கூட விடுங்கள். கால் மிதக்கிறது என்று சொன்னதற்கு அவர்கள் எழுதிய பதில்: "பெல்ட்டில் கூடுதல் வெயிட் போட்டுக்கொள்ளுங்கள்." இதை ஒரு புது ஆளுக்குச் சொல்லியிருந்தால்? நியோப்ரீன் என்பது வாயுக் குமிழிகள் அடைத்த ரப்பர். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைவிட இரு மடங்கு, குமிழியின் கன அளவு ஏறக்குறையப் பாதி. மேலே மிதக்க வைத்த சூட், கீழே அந்த மிதப்பில் பெருமளவை இழந்துவிடும். நீங்கள் பெல்ட்டில் கட்டிய ஈயம் மட்டும் அப்படியே இருக்கும். திரும்பி ஏறும்போது, மூச்சு தீர்ந்துகொண்டிருக்கும் நேரத்தில், அந்த எடையை இழுத்துக்கொண்டு வர வேண்டும். பிளாக்அவுட், அதாவது மூச்சு தீர்ந்து நினைவு தப்புவது, பெரும்பாலும் மேற்பரப்பிலோ அதை நெருங்கும்போதோதான் வருகிறது. மூச்சை விட்ட பிறகும் ஆள் மேலே மிதக்கிற மாதிரிதான் எடை கட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது அதனால்தான். தப்பான சூட்டை விற்றுவிட்டு அதற்கு மேல் ஈயம் கட்டச் சொல்கிறவர்கள் டைவிங் பொருள் விற்கவே கூடாது.

ஒன் பீஸ் தேர்ந்தெடுப்பது பற்றி விரிவாக எழுதுகிறேன் என்று நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். ஒரு மாதச் சம்பளத்தைத் தொலைத்த ஆத்திரத்தில் இப்போதைக்கு இவ்வளவுதான் வருகிறது. நேரடி வங்கிப் பரிமாற்றம் மட்டும்தான் என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். ரப்பர், உள்பக்கம், ஒவ்வொரு பகுதியின் தடிமன், உடல் நீளம் நான்கும் பில்லிலேயே எழுதி வர வேண்டும், சாட்டில் சொன்னது போதாது. பார்சலை வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். நனைப்பதற்கு முன் தரையில் விரித்து டேப் வைத்துப் பாருங்கள். போட்ட பிறகு கைகளை மேலே நீட்டி முழு மூச்சு இழுங்கள், காலருக்குள் விரல் நுழைகிறதா பாருங்கள், நுழையாவிட்டால் அந்த சூட்டோடு தண்ணீரில் இறங்காதீர்கள்.