பச்சை டிக் போட்ட கடலைக்கொடி: 42,000 ரூபாய் போச்சு, நீங்களாவது உஷாராக இருங்கள்

கோபத்தோடுதான் எழுதுகிறேன், வார்த்தை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 42,000 ரூபாய். ஆட்டுத் தீனிக்கு நாலு டன் கடலைக்கொடி (காய் பறித்த பிறகு காய வைத்த நிலக்கடலைச் செடி) என்று பணத்தை வாங்கிக்கொண்டு பூசணமும் செம்மண்ணும் தண்ணீருமாகக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். விற்றவன் ஒரு மொபைல் ஆப்பில் இருக்கிறான். விவசாயியையும் வியாபாரியையும் இணைக்கிறோம் என்று விளம்பரம் செய்கிற ஆப் அது. பெயரைப் போட்டால் பதிவே தூக்கப்படும் என்பதால் போடவில்லை.

காங்கயம், வெள்ளகோவில், மூலனூர் பக்கம் செம்மறி வைத்திருப்பவர்களுக்கு நிலைமையை விளக்க வேண்டியதில்லை. கொறங்காட்டில், அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தில், கொழுக்கட்டைப்புல் தூரோடு கருகிக் கிடக்கிறது. சோளத்தட்டு (கதிர் அறுத்த சோளத்தின் காய்ந்த தண்டு) போராகக் குவித்துக் கிடக்கிறதே என்பார்கள். தட்டை மட்டும் போட்டு மேச்சேரி இனச் செம்மறியாட்டைக் கரையேற்ற முடியாது. தட்டில் புரதம் நூற்றுக்கு 3, 4தான். மொத்தத் தீனியில் புரதம் 6, 7க்குக் கீழே இறங்கினால் வயிற்றில் நாரைச் செரிக்கிற நுண்ணுயிர்களே பட்டினி கிடக்கும். அப்புறம் வயிறு உப்பலாகத் தெரியும், முதுகெலும்பு கத்தி மாதிரி நிற்கும். கடலைக்கொடியில் 8 முதல் 12 வரை புரதம் உண்டு, அதனால்தான் பஞ்சத்தில் அதற்கு இந்த விலை.

30 கிலோ தாயாட்டுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1 கிலோ காய்ந்த தீனி வேண்டும். நறுக்கிய தட்டு 600 கிராம், கொடி 300, புண்ணாக்கும் தவிடும் சேர்த்து 100, தாது உப்பு 10 கிராம். சினையின் கடைசி ஒன்றரை மாதத்துக்குப் புண்ணாக்கைக் கூட்ட வேண்டும். இந்தக் கணக்கில் 100 உருப்படிக்கு 4 டன் கொடி நாலு மாதம் தாண்டி வரும். கிலோ 10.50, வண்டி வாடகை உட்பட. மொத்தம் 42,000.

நம்ப வைத்த விதம்தான் வயிற்றெரிச்சல். வீடியோ காலில் ஒரு கட்டைப் பிரித்து, கைப்பிடிக் கொடியை எடுத்து போன் பக்கத்தில் முறித்துக் காட்டினான். மொறுமொறு என்று சத்தம் கேட்டது, இலை பச்சை மாறாமல் இருந்தது. "சினை ஆடு எத்தனைங்கண்ணா இருக்கு? எடுத்த எடுப்புல முழுசாப் போட்டுறாதீங்க, பத்து நாள்ல கொஞ்சங் கொஞ்சமா ஏத்துங்க" என்று அவனாகவே சொன்னான். ஆடு வளர்த்தவன் பேசுகிற பேச்சு அது. பெயருக்குப் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்' என்று பச்சை டிக் வேறு. பாதி முன்பணம் போனது. லாரி ராத்திரி வந்தது. மீதியைப் போட்டால்தான் தார்ப்பாயை அவிழ்ப்பேன், அடுத்த லோடு காத்திருக்கிறது என்று டிரைவர் நின்றுகொண்டார். எடைமேடைச் சீட்டும் கையில் கொடுத்தார். அவர்கள் ஊர் எடைமேடைச் சீட்டு.

மேல் வரிசைக் கட்டுகள் நல்ல கொடிதான். இரண்டாவது வரிசையில் கையை விட்டால் உள்ளே சூடு. கயிற்றை அறுத்ததும் வெள்ளைத் தூசி புகையாக எழும்பியது, நடுவில் கொடி கறுத்து ஒட்டிக் கிடந்தது. மழையில் நனைந்ததைக் காய விடாமல் மெஷினில் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள், அதுதான் உள்ளே வெந்துவிட்டது. பிஞ்சுக்காய் ஒட்டியிருந்த இடமெல்லாம் மஞ்சள்பச்சைப் பூசணம். அந்தப் பூசணம் விடுகிற நஞ்சு வெயிலில் உலர்த்தினாலும் போகாது, ஈரலைக் கெடுக்கும். 100 கிராம் எடுத்துக் காய வைத்தால் 70 கிராம் நின்றது. அதாவது 4,000 கிலோவில் 1,200 கிலோ தண்ணீர், 12,600 ரூபாய்க்கு! நல்ல கொடியில் ஈரம் 12 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். மண் தனிக்கணக்கு. கடலையை வேரோடு பிடுங்குவதால் உதறாமல் கட்டினால் மண்ணும் எடையில் சேர்ந்துவிடும். அது ஆட்டின் வயிற்றுக்குள் போய்ப் படிந்தால் அசை போடுவதே நின்றுபோகும். இத்தனையும் கழித்துப் போடுகிற மாதிரி தேறியது கால்வாசிகூட இல்லை.

போன் பண்ணினால் முதலில் "வழியில மழைங்கண்ணா" என்றான். தார்ப்பாய் காய்ந்திருந்ததைப் படம் எடுத்து அனுப்பியதும், "டிரைவர்கிட்டக் கேளுங்க" என்றான். டிரைவரோ "நான் ஏத்தி இறக்குறவனுங்க" என்றார். கடைசியாக விற்றவன் சொன்ன யோசனையைக் கேளுங்கள்: "யூரியாத் தண்ணி தெளிச்சுப் போடுங்க, பூசணம் செத்துரும்." படுபாவி! யூரியா ஊட்டுவது நல்ல காய்ந்த வைக்கோலுக்கும் தட்டுக்கும். 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியாவை 50, 60 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி 21 நாள் வைத்துத்தான் எடுக்க வேண்டும். தெளித்த கையோடு போட்டால் வயிறு உப்பி, நடுக்கம் கண்டு, நுரை தள்ளிச் சில மணி நேரத்தில் ஆடு விழுந்துவிடும். இந்த யோசனையை நம்பி எந்த ஆட்டுப்பட்டி காலியாகப் போகிறதோ. அதன்பிறகு நம்பரை பிளாக் செய்துவிட்டான்.

ஆப் கம்பெனியில் போனை எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். "நாங்க வெறும் தளம்தாங்க சார், பரிவர்த்தனைக்குப் பொறுப்பில்லை." அப்படியென்றால் பச்சை டிக் எதற்கு என்றதற்கு, போன் நம்பரை மட்டும்தான் சரிபார்ப்போம் என்று பதில். புகார் எண் கொடுத்தார்கள், பிறகு பார்த்தால் 'தீர்க்கப்பட்டது' என்று மூடியிருக்கிறார்கள். யாருக்குத் தீர்ந்தது? 42,000 ரூபாய் போனது எங்களுக்கு. அதே வீடியோவைப் போட்டு இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறான்.

வாங்குவது எப்படி என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான் வருகிறது. எந்தப் பட்டத்தில் (விதைப்புப் பருவத்தில்) விளைந்த கொடி என்று கேளுங்கள். ஆடிப்பட்டத்துக் கடலை பிடுங்குகிற நேரம் ஐப்பசி மழையில் மாட்டும், சித்திரை வெயிலில் பிடுங்கியது அப்படி நனையாது. உங்கள் ஊர் எடைமேடையில் லோடோடு ஒருமுறை, காலி வண்டியாக ஒருமுறை எடை போடுங்கள். தார்ப்பாயை அவிழ்த்து, அடி வரிசையிலிருந்து ஒரு கட்டை அறுத்துப் பார்க்காமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள். கொடியை நறுக்கி உலர்ந்த தூள் உப்போடு கண்ணாடிப் பாட்டிலில் போட்டுக் குலுக்குங்கள், உப்பு கட்டி பிடித்தால் ஈரம் அதிகம். பூசணக் கொடியைச் சினை ஆட்டுக்கு வாசம்கூடக் காட்டாதீர்கள். தின்றுவிட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962க்குப் போன் பண்ணுங்கள். ஆன்லைனில் பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930, தள்ளிப்போடாதீர்கள்.